ஆர் முதலிலா, பைத்தான் முதலிலா? உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த கேள்வி

கேள்வி, 8 ஜூன் 2024

அக்கா, அரசியல் அறிவியலில் பிஎச்.டி.க்குப் பதிவு செய்திருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கிராம சபைத் தீர்மானங்கள்தான் தலைப்பு. கணினி வழி ஆய்வு தெரியாதவனுக்கு இனி வேலை கிடைக்காது என்கிறார்கள். நான் பிளஸ் டூவில் கணக்கு எடுக்காதவன். கணினி நிரல் எழுதும் மொழிகளில் ஆர் (R) கற்பதா, பைத்தான் (Python) கற்பதா? எந்த கோர்ஸில் சேரலாம்? மூன்று மாதத்தில் முடியுமா?

8 ஜூன் 2024, இரவு

மூன்று மாதத்தில் நன்றாகவே முடியும் தம்பி. அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். இப்போது உங்கள் கையில் எத்தனை தீர்மானங்கள் இருக்கின்றன? தட்டச்சு செய்தவையா, தீர்மானப் பதிவேட்டைச் செல்போனில் எடுத்த படங்களா? இது தெரியாமல் எந்த மொழி என்று பேசிப் பயனில்லை.

2017-ல் நானும் இதே இடத்தில் நின்றேன். எங்கள் துறையில் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிவர மென்பொருள் போட்ட கணினி ஒன்றே ஒன்று இருந்தது. அதற்கு முன்பதிவு நோட்டு வேறு. சரி, வீட்டிலேயே கற்போம் என்று இணையத்தில் எட்டு வாரப் படிப்பு ஒன்றில் சேர்ந்தேன். பயிற்சி முழுக்க அமெரிக்க செனட் உரைகளை வைத்துத்தான். ஒழுங்காக முடித்தேன், சான்றிதழும் வந்தது. அப்புறம் எனது தீர்மானப் பதிவேட்டுப் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தேன். ஊராட்சிச் செயலரின் கையெழுத்து, பாதி அழிந்த முத்திரை, ஒரே பாராவில் மூன்று தீர்மானம். அந்த எட்டு வாரத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆகவே என் யோசனை இது. முதலில் ஐம்பது தீர்மானங்களை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். ஒரு வரிக்கு ஒரு தீர்மானம். ஊராட்சி, தேதி, தீர்மான எண், உரை என்று அட்டவணையில் நெடுக்காக நான்கே பத்தி. ஆளை வைத்து அடிக்க வேண்டாம். எந்த மொழி என்பது அதற்குப் பிறகு. உண்மையில் அது பெரிய விஷயமே இல்லை.

9 ஜூன் 2024

நேற்று எழுதியதன் கடைசி வரி தப்பு. மொழி பெரிய விஷயம்தான், தமிழ் உரையை வைத்து வேலை செய்பவருக்கு மிகவும். காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். ஆய்வேட்டில் பெரிய பிழை ஒன்று ஏறாமல் நான் தப்பித்த கதை அது.

எனது தீர்மானங்களை எல்லாம் அடித்து முடித்தபின், பைத்தானில் எல்லோரும் பயன்படுத்தும் சைக்கிட்-லேர்ன் என்ற ஆயத்த நிரல் தொகுப்பைக் கொண்டு சொற்களை எண்ணினேன். பாடத்தில் காட்டிய அதே ஐந்து வரி நிரல். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. பட்டியலின் உச்சியில் வந்த சொல்: மத. அதற்குச் சற்றுக் கீழே: வட.

கிராம சபையில் மதம் பற்றி இவ்வளவு பேசியிருக்கிறார்களா! அன்றிரவு தூக்கமே இல்லை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நம்பி, ஆய்வேட்டில் அதற்கு ஒரு இயலே ஒதுக்கிவிட்டேன்.

காப்பாற்றியது பட்டியலின் அடுத்த வரிகள்தான். டம. னம. ளக. தமிழில் ட, ன, ள மூன்றும் சொல்லுக்கு முதலில் வராது என்று பள்ளிக்கூடத்தில் மொழிமுதல் எழுத்துகளை மனப்பாடம் செய்தோமே, அது அப்போது நினைவுக்கு வந்தது. னவில் தொடங்கும் சொல் எங்கிருந்து வரும்?

நடந்தது இதுதான். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோடில் மதுரை என்பது நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஐந்து: ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி. அந்தத் தொகுப்பு எது சொல் என்று முடிவு செய்யும்போது ம, த, ர ஆகியவற்றை எழுத்து என்று எடுத்துக்கொள்கிறது. கொம்பு, கால், சுழி, புள்ளி எதையும் எழுத்தாக எடுப்பதில்லை. அவை வரும் இடத்தில் எல்லாம் சொல்லை வெட்டிவிடுகிறது. வெட்டியபின் ஓரெழுத்தாக நிற்பதைத் தூக்கி எறிகிறது. மதுரை போய் மத ஆகிவிட்டது. திட்ட மதிப்பீடு என்பதில் உள்ள மதிப்பீடும் மத ஆகிவிட்டது. மாவட்டம் என்பது வட, டம என்று இரண்டானது. தீர்மானத்தில் மிஞ்சியது னம. தெருவிளக்கில் மிஞ்சியது ளக. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் மதுரை மாவட்டம் என்று இருக்கும்போது மதவும் வடவும் உச்சிக்குப் போகாமல் என்ன செய்யும்?

இதைவிட எனக்குக் கலக்கத்தைத் தந்தது வேறொன்று. குடிநீர் என்ற சொல்லை ஒருமுறை வெட்டிப் பாருங்கள். க, ட, ந, ர. நான்குமே தனித்தனி எழுத்து, நான்குமே போய்விட்டன. சாலையும் அப்படியே. பதிவேட்டில் பக்கத்துக்குப் பக்கம் மக்கள் கேட்டது குடிநீரும் சாலையும்தான். என் பட்டியலில் அவை இரண்டும் ஒரு தடவைகூட இல்லை.

பட்டியலை மட்டும் ஒரு கட்டுரைக்கு அனுப்பியிருந்தால், சரிபார்க்க வேண்டியவருக்குத் தமிழ் தெரியாமல் இருந்திருந்தால், அது அச்சாகியிருக்கும்.

9 ஜூன் 2024, சாயங்காலம்

தீர்வைச் சொல்ல மறந்துவிட்டேன். பைத்தானில் இடைவெளியை வைத்துச் சொல்லைப் பிரிக்கச் சொல்லுங்கள். அல்லது யூனிகோடில் தமிழுக்கென ஒதுக்கிய 128 இடங்களில் எது வந்தாலும் அதைச் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள் என்று நீங்களே வரையறுத்துக் கொடுங்கள். ஒரே வரி வேலை. ஆர் மொழியில் குவான்டீடா தொகுப்பு தமிழ்ச் சொல்லை உடைக்காமல் எடுக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே, ஒன்றுமே தெரியாமல் தொடங்கும் உங்களுக்கு ஆர் என்கிறேன். அதற்குக் காசும் வேண்டாம். 2000-ல் முதல் முழுப் பதிப்பு வந்ததிலிருந்து இன்றுவரை இலவசம்தான்.

சோதிக்க ஒரு வழி. மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து இலக்கிய மின்னுரைகளைத் தந்துகொண்டிருக்கிறதே, அதில் திருக்குறளை இறக்கிக்கொள்ளுங்கள். குறளுக்கு ஏழு சீர், 1330 குறள். தலைப்புகளையும் எண்களையும் நீக்கிவிட்டு உங்கள் நிரலை ஓட்டினால் 9310-ஐ ஒட்டி வர வேண்டும். பத்துப் பதினைந்து முன்பின் இருந்தால் தட்டச்சு இடைவெளிப் பிழை. ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வந்தால் உங்கள் கத்தி தமிழை வெட்டுகிறது என்று பொருள்.

16 ஜூன் 2024

ஐம்பது வேண்டாம், எழுபது அடித்துவிட்டேன் என்று தம்பி எழுதியிருக்கிறார். நல்லது. கோயில் என்ற சொல் பட்டியலில் இரண்டு முறை வருகிறது, கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கிறது என்கிறார்.

கோ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுடன் ஓகாரக் குறி ஒன்றாக இருக்கலாம். இல்லையென்றால் க, இரட்டைக்கொம்பு, கால் என்று பிரிந்து இருக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. எந்த விசைப்பலகையில் அடித்தோம் என்பதைப் பொறுத்தது. எண்ணுவதற்கு முன் யூனிகோடு நார்மலைசேஷன் ஒருமுறை ஓட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

ஆனால் கௌரவம் அப்படிச் சரியாகாது. பாதிப் பேர் ஔகாரக் குறியை விட்டுவிட்டு, ஒற்றைக்கொம்பும் ள என்ற எழுத்தும் போட்டு கெளரவம் என்று அடிக்கிறார்கள். கணினியைப் பொறுத்தவரை அது வேறு சொல். நீங்களே ஒரு மாற்றுப் பட்டியல் போட்டுத் திருத்த வேண்டியதுதான்.

பழைய கோப்பு கிடைத்தால் இன்னும் பாடு. பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு ஒன்று எனக்குக் கிடைத்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ, கூடவே ஒரு அரைப்புள்ளி நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றியபின் பத்து வரியையாவது வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

23 ஜூன் 2024

இன்னொருவர் கேட்கிறார்: தேர்தல் முடிவு வந்துவிட்டதே, சாவடி வாரியாக வாக்கு எண்ணிக்கையை எடுத்து, எந்தச் சமூகம் யாருக்குப் போட்டது என்று கணினியில் கண்டுபிடிக்க முடியாதா?

எண்ணிக்கை கிடைக்கும். படிவம் 20 என்பார்கள், ஒவ்வொரு சாவடிக்கும் ஒரு வரி. பெரும்பாலும் ஸ்கேன் செய்த படமாகத்தான் கிடைக்கும், படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரியில் ஓட்டி எண்களைச் சரிபார்த்து எடுக்க வேண்டும். கூட்டுத்தொகை வரி கடைசியில் இருப்பதால் பிழையைப் பிடித்துவிடலாம். ஆனால் ஒரு தேர்தலின் 45-ஆம் சாவடியும் அடுத்த தேர்தலின் 45-ஆம் சாவடியும் ஒரே தெரு என்று நம்பிவிடக் கூடாது. வாக்காளர் கூடினால் சாவடியைப் பிரிப்பார்கள், எண் நகர்ந்துவிடும். பெரிய எல்லைகளும் அப்படித்தான். 2008 மறுவரையறையில் சமயநல்லூர், சேடப்பட்டி தொகுதிகளே இல்லாமல் போயின. மதுரை மாநகராட்சியில் 72 வார்டுகள் 2011-ல் 100 ஆயின. மதுரை மக்களவைத் தொகுதி என்றால் மதுரை மாவட்டம் என்று நினைத்துக் கணக்குப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் விருதுநகர் தொகுதியில் இருக்கின்றன. உசிலம்பட்டியும் சோழவந்தானும் தேனியில்.

இனி கேள்விக்கு வருகிறேன். சாவடி எண்ணிக்கை சாவடியைப் பற்றித்தான் பேசும். ஆளைப் பற்றிப் பேசாது. 1950-ல் ராபின்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதை ஒரே கணக்கில் காட்டிவிட்டார். 1930 மக்கள்தொகைக் கணக்கை எடுத்தார். மாநில வாரியாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறியாமை குறைவு. இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று காட்டும் ஒட்டுறவு எதிர்ம 0.53. ஆள் வாரியாகப் பார்த்தால் தலைகீழ். வெளிநாட்டில் பிறந்தவர்களிடம்தான் எழுத்தறியாமை சற்று அதிகம், நேர்ம 0.12. வந்து குடியேறியவர்கள் எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் போய்த் தங்கியதுதான் காரணம். குறியே மாறிவிட்டது பாருங்கள். நம் ஊரில் ஒரு சாவடியின் எண்ணை வைத்துக்கொண்டு இந்தத் தெருக்காரர்கள் இவருக்குத்தான் போட்டார்கள் என்று அச்சில் எழுதினால் அடுத்த நாள் அந்தத் தெருவில் என்ன நடக்கும் என்பது உசிலம்பட்டிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த ஒரு இடத்தில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

24 ஜூன் 2024

விட்டுப்போனது: 2019 ஏப்ரல் 18 அன்று மதுரையில் வாக்குப்பதிவு இரவு 8 மணி வரை நடந்தது. அன்று சித்திரைத் தேரோட்டம். மறுநாள் அழகர் ஆற்றில் இறங்கினார். மணிக்கொரு வாக்குப்பதிவு விகிதத்தை மற்ற தொகுதிகளோடு ஒப்பிட்டு, மதுரைக்காரர்கள் தாமதமாக வாக்களிக்கும் வழக்கமுள்ளவர்கள் என்று ஒரு மாணவர் எழுதிவந்தார். அவர் போட்ட கணக்கில் ஒரு பிழையும் இல்லை. தேர் ஓடிய நாள் என்பதற்கு அவருடைய அட்டவணையில் பத்தி இல்லை, அவ்வளவுதான்.

2 ஜூலை 2024

தரவு நிறைய இருந்தால் இந்தப் பிழையெல்லாம் தானாகச் சமன்பட்டுவிடாதா என்று ஒருவர் கேட்டார். சமன்படாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் 1 கோடி பேருக்கு அட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் பதில் வந்தது. லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ல் ஜெயித்தார். முகவரிகளைத் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவிலிருந்தும் எடுத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் இரண்டும் வசதி உள்ளவர்களிடம்தான் இருந்தன. பதில் போட மெனக்கெட்டவர்களும் ஒரு சார்பாக அமைந்துவிட்டார்கள்.

14 ஜூலை 2024

இதை எழுத இரண்டு வாரம் தயங்கினேன்.

உள்ளாட்சித் தேர்தல் அட்டவணை ஒன்றை மாணவர்களுக்குப் பயிற்சிக்காகத் தந்திருந்தேன். காலிக் கட்டம் வந்தால் என்ன செய்வது என்று ஒரு பெண் கேட்டாள். வழக்கமான பதில்: அந்த வரியை நீக்கிவிடு, அல்லது சராசரியைப் போட்டு நிரப்பு. வாயைத் திறந்தேன், சொல்ல முடியவில்லை. அந்த வரி பாப்பாபட்டி.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். நான்கும் 1996-ல் பட்டியல் சமூகத்தினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிகள். 2006 வரை அங்கே முறையான தலைவர் யாரும் வந்து உட்கார முடியவில்லை. மனுத் தாக்கல் நடக்காது. நடந்தாலும், ஜெயித்தவர் பதவியேற்ற உடனே விலகிவிடுவார். அதே காலத்தில், 1997-ல், மேலூர்ப் பக்கம் மேலவளவில் அப்படி ஒதுக்கிய பதவிக்குத் தேர்வான முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள்.

கணினிக்கு அந்தக் கட்டம் காலி. ஜெயித்து விலகியவரின் வரியோ காலிகூட இல்லை. தேர்தல் நடந்தது, வேட்பாளர் வென்றார் என்று முழுசாக நிரம்பியிருக்கும். நிரம்பிய வரிதான் அதிகம் ஏமாற்றுகிறது. பத்தாண்டு வரலாறு முழுவதும் அந்தக் கட்டத்தில் இருக்கிறது. நிரல் ஒரே கட்டளையில் நீக்கிவிட்டுப் போய்விடும், பிழைச்செய்திகூடத் தராது.

அன்று அந்தப் பெண்ணிடம் சொன்னது: நீக்காதே, நிரப்பாதே, பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்து ஏன் காலி என்று எழுது. மனுவே இல்லையா, தேர்தல் ஒத்திவைத்தார்களா, விலகலா, தாள் தொலைந்ததா? நான்கும் வேறு வேறு. இதை எந்தப் பாடமும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

28 ஜூலை 2024

வகைப்படுத்தல் பற்றித் தம்பி கேட்டதற்குச் சுருக்கமாக. தீர்மானங்களைக் குடிநீர், சாலை, விளக்கு, நிதி என்று நீங்கள் பிரித்தால் மட்டும் போதாது. இன்னொருவரும் தனியாகப் பிரிக்க வேண்டும். நூறில் எண்பதில் ஒத்துப்போனால் மகிழ்ந்துவிடாதீர்கள். அடிப்படை வசதி, மற்றவை என்று இரண்டே வகை வைத்து, இருவருமே நூறில் எண்பதை அடிப்படை வசதி என்று போடும் வழக்கமுள்ளவர்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 68-ல் ஒத்துப்போகும். அந்தத் தற்செயலைக் கழித்துப் பார்க்கும் அளவுதான் கோஹனின் கப்பா. இங்கே அது 0.375 வரும். போதாது.

நானும் என் தோழியும் அரசரடியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து இருநூறு தீர்மானங்களைப் பிரித்தோம். சண்டையே வந்தது. சுடுகாட்டுக்குச் செல்லும் பாதையைச் சீரமைத்தல். அவள் சாலை என்றாள். அந்த ஊரில் அந்தப் பாதை யாருடைய சுடுகாட்டுக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும், நான் சாலை என்று போடவில்லை. அரைமணி நேரம் பேசி, உரிமை என்று புதிதாக ஒரு வகையை எழுதினோம். அந்த ஆய்வில் உருப்படியாகக் கிடைத்தது அந்த வகைதான்.

11 ஆகஸ்ட் 2024

பழைய குறிப்புகளைப் படித்துப் பார்த்தேன். மூன்று திருத்தம்.

இடைவெளியில் பிரித்தால் போதும் என்று ஜூன் 9-ல் எழுதியது பாதிதான் சரி. குடிநீர், குடிநீருக்கு, குடிநீரின், குடிநீரும் எல்லாம் தனித்தனிச் சொற்களாக நிற்கும். சரி, சொல்லுக்குள் தேடலாம் என்று சாலை என்று தேடினால் பாடசாலையும் தொழிற்சாலையும் சேர்ந்து வருகின்றன. சொல்லின் தொடக்கத்தில் மட்டும் தேடச் சொல்லுங்கள். அப்போது தார்ச்சாலை விட்டுப்போகும். ஆக, ஒவ்வொரு சொல்லுக்கும் நீங்களே ஒரு பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனாலும் இதற்கு மாற்று எனக்குக் கிடைக்கவில்லை.

ஐம்பது தீர்மானம் தட்டச்சு செய்யச் சொன்னேன். பதிவேட்டின் முதல் ஐம்பதை அடிக்காதீர்கள், குலுக்கல் முறையில் எடுங்கள். முதல் பக்கங்கள் எல்லாம் பெரும்பாலும் ஒரே செயலர் எழுதியவை.

மூன்றாவது, முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது. தீர்மானங்களோடு சேர்த்து வைக்கும் மனுக்களில் பெயர், கைபேசி எண், சில சமயம் ஆதார் எண்கூட இருக்கும். அவற்றைத் தட்டச்சே செய்யாதீர்கள். பின்னால் நீக்கிக்கொள்ளலாம் என்றால் நீக்க மாட்டோம்.

செயற்கை நுண்ணறிவிடம் நிரல் எழுதச் சொல்லலாமா என்றால், தாராளமாக. நானும் கேட்கிறேன், நேரம் மிச்சம். எழுதித் தந்ததும் குடிநீர் என்ற ஒரே சொல்லை அதில் போட்டு ஓட்டிப் பாருங்கள். முழுசாக வெளியே வந்தால் மேலே போகலாம்.

3 அக்டோபர் 2024

நேற்று காந்தி ஜெயந்திக் கிராம சபைக்குத் தம்பியின் ஊருக்குப் போயிருந்தேன். அரச மரத்தடியில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். தம்பியிடம் இப்போது நானூற்றுச் சொச்சம் தீர்மானங்கள் இருக்கின்றன. ஆர் நிரல் அவரே எழுதியது, என்னிடம் காட்டினார். சுத்தமாக இருந்தது. காலியான கட்டங்களுக்குக் காரணப் பத்தியும் வைத்திருக்கிறார்.

சபையில் ஒரு அம்மா எழுந்தார். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தன் தெருவுக்கு மட்டும் தண்ணீர் ஏறவில்லை என்று தொடங்கினார். குழாய் போட்ட வருடம், யார் வீட்டு வாசலில் வால்வு இருக்கிறது, எத்தனை முறை மனு கொடுத்தார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இரண்டு பேர் குறுக்கே பேசினார்கள். அவர் உட்காரவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. முடிந்ததும் செயலர் பதிவேட்டில் எழுதியதை எட்டிப் பார்த்தேன்: குடிநீர் வசதி குறித்து விவாதிக்கப்பட்டது.

தம்பியின் நிரல் அதைச் சரியாக எண்ணும். குடிநீர், ஒன்று.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இதையே பேசிக்கொண்டு வந்தோம். பதிவேட்டில் இருப்பது செயலர் எழுதிய சொல், அந்த அம்மா பேசிய சொல் இல்லை. அப்படியானால் இத்தனை நாள் நாங்கள் எண்ணியது எதை? ஆய்வின் தலைப்பையே மாற்ற வேண்டியிருக்குமோ என்று தம்பிக்குப் பயம். மாற்ற வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஆறேழு ஊர்களிலாவது சபை நடக்கும்போது நேரில் உட்கார்ந்து, பேசியது எவ்வளவு, பதிவானது எவ்வளவு என்று இரண்டையும் பக்கம்பக்கமாக வைத்துப் பார்க்க வேண்டும். பேசிய நிமிடம், பேசியவர் ஆணா பெண்ணா, பதிவேட்டில் எத்தனை சொல். மூன்று புதிய பத்தி. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் தம்பி அட்டவணையில் சேர்த்து அனுப்பிவிட்டார்.

அடுத்த சபைக்கு இன்னும் இரண்டு பேர் தேவை. தமிழில் வேகமாகக் குறிப்பெடுக்கத் தெரிந்தால் போதும், நிரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வருகிறவர்கள் காலை ஒன்பது மணிக்கு உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். தண்ணீர் பாட்டில் கொண்டு வாருங்கள்.